முதுமையிற் சலக்கடுப்பும் தடுப்பு மருந்தும்



சபையிலே சொல்லக் கூசும் நோய்கள் சில உண்டு. சலக்கடுப்பு அவற்றுள் ஒன்று. காய்ச்சல் கண்டவருக்கு அயல்வீட்டிலிருந்து கஞ்சி வரும். காலில் முள் ஏறியவரைத் தெருவே விசாரிக்கும். ஆனால், சலம் கழிக்கையில் எரிகிறது என்பதை ஓர் ஆச்சி தம் மகளிடங்கூட மூன்று நாள் சென்ற பின்னரே சொல்வார். மருமகளிடம் சொல்லவே மாட்டார். அப்புமார் இதிலும் ஒரு படி மேல். குளிரும் நடுக்கமும் கண்டு பாயில் விழுந்த பின்னரே வாய் திறப்பர். இவ்வாறு மறைக்கப்படும் நோய்க்கு, மறைவாகவே உண்ணப்படும் ஒரு மருந்தும் இப்பொழுது நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது நோய் வந்தபின் உண்பதன்று. இனி வராதிருக்கும் பொருட்டு இரவுதோறும் ஒன்றாக உண்பது. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நான் வைத்தியனல்லேன்; கலைப் பட்டதாரி; மன்னார்க் கரையில் அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். இப்பொருளைப் பேச எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர்களில் அதிபரின் மேசைக்கு வரும் கடதாசிகள் யாவும் பாடசாலைக் கடதாசிகள் அல்ல. காணிக் கடிதம், வங்கிக் கடிதம், கிளினிக் கொப்பி என ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எதுவும் படித்துக் காட்டப்படுவதற்காக அங்கே வந்து சேரும். அவ்வாறு ஒரு நாள், பேரப்பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த மூதாட்டி ஒருவர் கசங்கிய மருந்துத் துண்டொன்றை என் முன் விரித்தார். நைற்றோபியூரன்டொயின் என்னும் குளிசை, இரவில் ஒன்று. எழுதப்பட்ட திகதி ஒன்றரை ஆண்டுக்கு முந்தியது. முடியும் நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. அதே துண்டைக் காட்டி, மாதந்தோறும் தனியார் பாமசி ஒன்றில் அவர் குளிசை வாங்கி வந்திருக்கிறார். "ஐயா, இத எப்ப நிப்பாட்டுறது எண்டு இதில எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

எழுதியிருக்கவில்லை. விடை சொல்லும் தகுதி எனக்கில்லையாதலால் அவரை வைத்தியரிடமே போகச் சொன்னேன். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. நூல்களைப் பார்த்தேன், அறிந்த வைத்தியர்களைக் கேட்டேன். அறிந்தவற்றுள் வீட்டிலுள்ளோர்க்குப் பயன்படக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நோயின் இயல்பு. நம் குடலிலே கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஈ-கோலை என்னும் இனம் குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் நல்ல குடியானவன். அது இடம் மாறிச் சிறுநீர் வழியேறிச் சிறுநீர்ப்பையை அடைந்து பெருகுங்கால் எரிவும், அடிக்கடி சலம் போகும் உந்தலும், அடிவயிற்று நோவும் உண்டாகின்றன. அங்கிருந்து மேலேறிச் சிறுநீரகத்தை அடைந்தால் விலாநோவும் நடுக்கற் காய்ச்சலும் தோன்றும். இரத்தத்திற் கலந்துவிட்டால் உயிருக்கே தீங்கு. பெண்களுக்குச் சிறுநீர் வழி குறுகியது. ஆதலின் இந்நோய் அவர்களிடமே மிகுதி.

மாதவிடாய் நின்றபின் நிலைமை இன்னும் மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் உடற்சுரப்பு உள்ளவரை, பிறப்புவழியில் லற்றோபசிலசு என்னும் நன்மை செய்யும் பற்றீரியாக்கள் குடியிருந்து, அவ்விடத்தைப் புளிப்பாக வைத்துக் காவல் புரிகின்றன. சுரப்பு வற்றியதும் அக்காவலர் அகல்கின்றனர். குடலிலிருந்து வருவோர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றனர். அறுபது வயதுக்கு மேல் ஓர் ஆச்சிக்கு இந்நோய் திரும்பத் திரும்ப வருவது அவருடைய அசுத்தத்தினால் அன்று. இதனை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில், வெட்கத்தின் வேர் இந்தத் தவறான எண்ணத்திலேதான் இருக்கிறது. ஆண்களுக்கு வேறொரு காரணம். வயதேற முன்னிற்குஞ் சுரப்பி பருத்துச் சிறுநீர் வழியை நெருக்குகிறது. பை முழுவதும் வெறுமையாவதில்லை. தேங்கிய நீரிற் கிருமி பெருகுகிறது. நீரிழிவு உள்ளவர்க்கு இவை யாவும் எளிதாகின்றன.

இனி நம் மண்ணின் நிலை. மன்னார்த் தீவின் கிணறுகளில் நாம் காணும் நன்னீர், மாரி மழை மணலினூடே இறங்கி அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. சோளகம் வீசும் மாதங்களில் அப்படை சுருங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நீர் கரிக்கிறது. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் எருக்கலம்பிட்டியிலும் வளர்ந்தவர்க்கு இது புதிய செய்தியன்று. கரித்த நீரைத் தாகத்துக்கு வேண்டிய அளவு யார் குடிப்பர்? வெயிலோ வியர்வையாக உடல்நீரைக் கொண்டுபோகிறது. அதற்கு மேல் முதியோர்க்குத் தாகவுணர்ச்சியே குறைகிறது. போதாதற்கு, பஸ்ஸில் ஏறினால் இடையில் இறங்க இடமில்லை என்றும், ஆகஸ்ட் மாத மடுத் திருவிழாக் கூட்டத்தில் மலசலகூடத்தைத் தேடி அலைய முடியாது என்றும், நம் மூதாட்டிகள் காலையிலிருந்தே வாயில் நீர் படாமல் புறப்படுவதை நான் கண்டிருக்கிறேன். கிளினிக் போகும் நாளிலும் இதே கதைதான்.

நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு வெறும் பாட்டி வைத்தியமன்று. 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று பல்கேரியாவில் நடந்தது. அடிக்கடி சலக்கடுப்பு வரும், குறைவாக நீர் அருந்தும் 140 பெண்களைப் பிரித்து, ஒரு பகுதியினரை வழக்கத்துக்கு மேல் நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் நீர் அருந்தச் செய்தனர். ஓராண்டில் அவர்களுக்கு நோய் வந்தது சராசரி 1.7 முறை, மற்றவர்க்கு 3.2 முறை. அப்பெண்கள் முதியவர்கள் அல்லர், மாதவிடாய் நிற்காதவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் நீர் விலையற்ற மருந்து. முதியோர்க்கும் முதலிற் சொல்லத் தக்கது. ஒரு விலக்கு: இதய பலவீனமோ சிறுநீரக நோயோ உள்ளவர்க்கு, நீரை அளந்து குடிக்குமாறு வைத்தியர் சொல்லியிருந்தால், அவ்வளவே அளவு. நெருஞ்சில் அவித்த நீர், பார்லிக் கஞ்சி, இளநீர் ஆகியவற்றைக் கைவிடச் சொல்ல நான் வரவில்லை. அவற்றினூடே நீராவது உட்செல்கிறது. ஆனால் நீரிழிவுக்காரர் அவற்றிற் பனங்கற்கண்டு கலந்து பருகுவது ஒரு நோயை விரட்ட மற்றொன்றை விருந்துக்கு அழைப்பதாகும். நோன்பு மாதத்தில் எருக்கலம்பிட்டி உம்மம்மாமார் நோன்பு துறந்த பின்னரும் சஹர் வேளையிலும் போதிய நீர் அருந்துதல் வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்குண்டு என்பதை நானா சொல்ல வேண்டும்?

இப்பொழுது தடுப்புக் குளிசைக்கு வருகிறேன். அது பயனற்றது என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஆறு மாதத்தில் இரு முறையோ ஆண்டில் மூன்று முறையோ நோய் மீண்டால் அதனை மீள்வரும் நோய் என வைத்தியர் வகுக்கின்றனர். அத்தகையோர்க்குச் சிறிய அளவில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பல மாதம் கொடுத்துப் பார்த்த பத்து ஆய்வுகளை 2004 இல் ஒருங்கே ஆராய்ந்தனர். 430 பெண்கள் அவற்றிற் பங்குபற்றியிருந்தனர். மருந்து உண்டவர்க்கு ஆண்டுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே நோய் வந்தது. போலிக் குளிசை உண்டவர்க்கு ஏறத்தாழ ஒன்று முதல் மூன்றரை முறை வரை. மருந்தின் ஆற்றல் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் கண்டது. குளிசையை நிறுத்தியதும் இரு சாராருக்கும் நோய் ஒரே அளவில் திரும்பியது. அஃதாவது, அது வேலியே ஒழிய, நிலத்தைத் திருத்துவதன்று.

முதியோரை மட்டும் எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு பிரித்தானியாவில் 2018 இல் வெளிவந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்த, நோய் மீளும் ஆண் பெண் இருபாலாரின் வைத்தியப் பதிவுகளை அது ஆராய்ந்தது. தடுப்பு மருந்து மூன்று மாதமோ அதற்கு மேலோ பெற்றவர்க்கு நோய் மீள்வது குறைந்திருந்தது. ஆனால் பெண்களிடம், இந்நோய்க்காக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவது குறையவில்லை. சற்றுக் கூடியே இருந்தது. இருந்த பதிவுகளைப் பார்த்துச் செய்த ஆய்வாதலால் மருந்துதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும், இரவுக் குளிசை உண்பதனால் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத் தப்பிவிட்டோம் என்று அமைதிகொள்வதற்கு அது இடம் தரவில்லை.

அடுத்துச் சொல்லப்போவது, என் எண்ணப்படி, இந்தப் பொருளில் மிக முக்கியமானது. சிறுநீரிற் கிருமி இருப்பதெல்லாம் நோயன்று. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 வீதமானோரின் சிறுநீரில், எவ்விதத் துன்பமும் இன்றியே பற்றீரியா காணப்படுவதுண்டு. அது அங்கே குடியிருக்கிறது, தீங்கு செய்யவில்லை. சோதித்தால் கடதாசியில் "கிருமி உண்டு" என்றே வரும். அதற்காக மருந்து கொடுத்தால் நன்மையில்லை. வலிமை குறைந்த கிருமி போய் வலிமை மிகுந்தது அந்த இடத்தில் வந்து குந்தும். சலம் கலங்கியிருக்கிறது, வாடை வீசுகிறது என்பன மட்டும் நோய்க்குறிகள் அல்ல. பெரும்பாலும் நீர் போதாமையின் குறிகளே. எரிவு, உந்தல், புதிதாகச் சலம் அடக்க முடியாமை, அடிவயிற்று நோவு, காய்ச்சல் ஆகியவையே கவனிக்க வேண்டியவை.

முதியவர் ஒருவர் திடீரென்று தடுமாறிப் பேசினால், "சலத்திற் கிருமி ஏறிவிட்டது" என்று முடிவுகட்டுவது இப்பொழுது ஒரு வழக்கமாகிவிட்டது. அமெரிக்கத் தொற்றுநோய் வைத்தியர் சங்கம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டி இதனைப் பற்றித் தெளிவாகக் கூறுகிறது. சிறுநீர் சம்பந்தமான துன்பமோ காய்ச்சல் முதலியனவோ இல்லாதபோது, தடுமாற்றத்துக்குக் கிருமியைப் பழி சொல்லி நுண்ணுயிர்க்கொல்லி கொடாமல், மற்றக் காரணங்களைத் தேடி, நோயாளியை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. நீர்வற்றல், மலச்சிக்கல், இரத்தத்திற் சீனி இறங்குதல், உப்புச்சத்துக் குறைதல், புதிதாகத் தொடங்கிய ஒரு மருந்து என ஆயிரம் காரணம் இருக்கலாம். இவற்றைத் தேடுவது வைத்தியர் பணி. ஆதலால் தடுமாற்றம் கண்டவரை வீட்டில் வைத்திராது காட்டத்தான் வேண்டும். ஆனால், "ஒரு குளிசை எழுதித் தாருங்கள்" என்று நெருக்காதிருப்பது நம் பணி.

தடுப்புக் குளிசையைத் தொடங்குமுன் நோயை உறுதிப்படுத்தல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே. நோய் கண்ட வேளையில், மருந்து தொடங்குமுன், சுத்தமாகப் பிடித்த சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பது தெரியவரும். இரண்டு மூன்று நாள் ஆகும். அந்தக் காத்திருப்பு வீணன்று.

நுண்ணுயிர்க்கொல்லியை அளவுக்குக் குறைத்து உண்டால் கிருமிகள் அதற்குப் பழகிப்போகும் என்று, பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங் 1945 ஆம் ஆண்டு நோபெல் பரிசுச் சொற்பொழிவிலேயே எச்சரித்தார். இந்தப் பழக்கத்தின் இலக்கணம் இலங்கையர்க்குப் புதிதன்று. 1946 இல் நாடெங்கும் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினோம். 1963 இல் மலேரியா பதினேழு பேராகக் குறைந்தது. அப்பால் கவனம் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோரை அது மீண்டும் வாட்டியது. நுளம்பும் டி.டி.ரி.க்கு அடங்காததாகிவிட, 1977 இல் மலத்தியோனுக்கு மாற வேண்டியதாயிற்று. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், அனோபிலிசு ஸ்டீபென்சி என்னும் புதிய நுளம்பு நம் மன்னாரின் கிணறுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. பல நாடுகளில் பல பூச்சிகொல்லிகளுக்கு அடங்காத இனம் அது. ஆயுதம் நம்மிடம் இருந்தாலும் எதிரி அப்படியே நிற்பதில்லை.

நுளம்புக்குப் பல தலைமுறை பிடித்த பாடத்தைப் பற்றீரியா சில வாரங்களிற் கற்றுக்கொள்கிறது. நெதர்லாந்தில், மாதவிடாய் நின்ற, நோய் மீளும் 252 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2012 இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்குத் தடுப்பாக இரவுதோறும் கொத்திரைமொக்சசோல். மறு சாராருக்கு லற்றோபசிலசுக் குளிகை. நோயைத் தடுப்பதில் முன்னதே சற்று மேல். ஆனால் ஒரே மாதத்தில், அம்மருந்து உண்ட பெண்களின் ஈ-கோலைக் கிருமிகளில் அதற்கு அடங்காதவை, நூற்றுக்கு 20 முதல் 40 வீதமாக இருந்தவை, 80 முதல் 95 வீதமாகப் பெருகிவிட்டன. அவை சிறுநீரில் மட்டுமல்ல, குடலிலும் இருந்தன. குடலிலுள்ள கிருமி கை வழியாகவும் மலசலகூடத்தின் வழியாகவும் வீட்டாரைச் சேரும்; தான் கற்ற வித்தையை அயற் கிருமிக்கும் கற்பிக்கும். ஆகவே ஆச்சி இரவில் உண்ணும் குளிசை ஆச்சியோடு முடிந்துவிடுவதில்லை. மடியில் உறங்கும் பேரப்பிள்ளைக்கும் அதிற் பங்குண்டு. 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றினால் உலகில் நேரடியாக இறந்தோர் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என 2022 இல் வெளியான பெருங்கணிப்பு கூறுகிறது.

குளிசை, உண்பவரையும் சோதிக்கும். நைற்றோபியூரன்டொயின் 1953 முதல் வழக்கிலிருப்பது, கிருமிகள் இன்றும் பெரிதும் அடங்குவது, நல்ல மருந்தே. அதை உண்ணும்போது சலம் கபில நிறமாகும்; அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியவை வேறு. மாதக்கணக்கில் உண்பவர்களுட் சிலருக்கு நுரையீரல் இறுகும். வறட்டு இருமலும், நடந்தால் இளைப்பும் மெல்ல மெல்ல வரும். "வயது போகிறது, இளைக்கிறது" என்று நாம் இருந்துவிடுவோம். இன்னுஞ் சிலருக்குக் காலும் கையும் விறைக்கும். அதனை நீரிழிவின் மேற் போட்டுவிடுவோம். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு இம்மருந்து சிறுநீரில் வேண்டிய அளவு சேராது. இரத்தத்தில் தங்கித் தீங்கு செய்யும். காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தை எவ்வாறு வாட்டுகிறது என்பதையும், அது வவுனியா முதலிய அயற் பகுதிகளிலும் காணப்படுவதையும் அறிந்த நாம், இரத்தப் பரிசோதனையால் சிறுநீரகத்தின் நிலையை அறியாமல் இதனைத் தொடங்குவதும் தொடர்வதும் தகாது.

திரைமெதோபிரிம் என்னும் மற்ற மருந்து இரத்தத்திற் பொட்டாசியத்தை உயர்த்த வல்லது. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்பிரில், லோசாட்டான் முதலியவற்றை உண்பவர்க்கு அவ்வுயர்வு இதயத் துடிப்பையே குலைக்கக் கூடும். நம் முதியோருள் அக்குளிசைகளை உண்ணாதவர் எத்தனை பேர்? சிப்ரோபிளொக்சசின் என்பதோ, எரிவு கண்டவுடன் துண்டின்றியே சிலர் வாங்கி விழுங்கும் பொருளாகிவிட்டது. அறுபது கடந்தவர்க்கு அது குதிகால் தசைநாண் அறுவதற்குக் காரணமாகலாம் என்று 2008 இலேயே அமெரிக்க மருந்து நிருவாகம் கடும் எச்சரிக்கை இடச் செய்தது. தடுப்புக்கு உரிய மருந்தே அன்று அது. நுண்ணுயிர்க்கொல்லிகளை வைத்தியர் துண்டின்றி விற்பது நம் நாட்டுச் சட்டத்துக்கும் மாறானது. ஒன்றரை ஆண்டு பழைய துண்டைப் பார்த்து ஒருவர் கொடுக்கிறார் என்றால், அவர் துண்டைப் பார்க்கவில்லை, காசைப் பார்க்கிறார்.

அப்படியானால் வேறு வழி என்ன? முதிய பெண்களுக்கு மிகப் பயனுடைய வழி ஒன்றிருந்தும் நம்மிடையே அது பேசப்படாமலே கிடக்கிறது. வற்றிப்போன ஈஸ்ட்ரோஜனை மிகச் சிறிய அளவிற் களிம்பாகப் பிறப்புவழியில் இடுதலே அது. 1993 இல் வெளியான ஆய்வில், நோய் மீளும் 93 முதிய பெண்களுள் களிம்பிட்டவர்க்கு ஆண்டுக்கு சராசரி 0.5 முறையே நோய் வந்தது. வெறுங் களிம்பிட்டவர்க்கு 5.9 முறை. போன காவலர் திரும்பி வந்தனர். இடம் மீண்டும் புளித்தது. நான் முன்னே சொன்ன வேலிக்கும் நிலத்தைத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. இக்களிம்பில் நுண்ணுயிர்க்கொல்லி எதுவும் இல்லையாதலால், கிருமி அதற்குப் பழகும் பேச்சுமில்லை. மார்பகப் புற்றுநோய் கண்டவர் மட்டும் அதனை முதலில் வைத்தியரிடம் சொல்லிக் கலந்துகொள்ள வேண்டும். "இந்த வயதில் இதென்ன" என்ற கூச்சம் ஒன்றே இதற்குத் தடை. ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூசுவோர், சுகவனிதையர் கிளினிக்கிலோ, ஊருக்கு வரும் குடும்பநல மாதுவிடமோ வாய் திறக்கலாம், அவர்கள் வழிகாட்டுவர். நான் முதலிற் குறித்த மூதாட்டிக்கும் அவ்வாறே, பெண் வைத்தியர் ஒருவர் இரத்தத்தைச் சோதித்துக் குளிசையை நிறுத்திக் களிம்புக்கு மாற்றினார்.

மெத்தெனமின் என்று ஒரு பழைய மருந்தும் மீண்டும் மதிப்புப் பெற்று வருகிறது. அது சிறுநீரில் உடைந்து கிருமியைக் கொல்லும் போமல்டிகைட்டாக மாறுவது. நுண்ணுயிர்க்கொல்லி வகையைச் சேர்ந்ததன்று. 2022 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், 240 பெண்களிடையே அது நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பெரிதும் தாழ்ந்துவிடவில்லை என்று தெரியவந்தது. வைத்தியரிடம் பெயரைச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. இலண்டனிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் சிவப்புக் கிரான்பெரிக் குளிகைகளைப் பற்றி ஒரு சொல். நோய் மீளும் பெண்களுக்கு அது ஓரளவு உதவுகிறது என்று 2023 ஆம் ஆண்டின் விரிந்த ஆராய்ச்சி ஒப்புக்கொள்கிறது. ஆனால் இல்லங்களில் வாழும் முதியோரிடம் அந்தப் பயன் தெளிவாகக் காணப்படவில்லை. பிள்ளைகளின் அன்பை மறுக்க வேண்டாம். அந்தக் காசில் வீட்டுக்குள்ளேயே ஒரு மலசலகூடம் கட்டித் தந்தால், இருட்டில் முற்றம் கடக்க அஞ்சி மாலை ஐந்து மணிக்கே நீரை நிறுத்தும் ஆச்சிக்கு அதைவிட நன்மை.

ஆண்களுக்கும், சலக்குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் தனியே இரு சொல். சுரப்பி பருத்து அடைப்பு இருந்தால் அடைப்பை நீக்குவதே வைத்தியம்; குளிசை அதற்கு மாற்றாகாது. குழாய் ஒரு மாதம் இருந்தாலே அதிற் கிருமி குடியேறாமல் இராது. அதற்காக ஓயாது மருந்து கொடுப்பதிற் பயனில்லை. குழாய் இன்னும் வேண்டுமா என்று கேட்பதே முதற் கேள்வி.

இவ்வளவுக்கும் பிறகு, தடுப்புக் குளிசை வேண்டியவர் சிலர் இருக்கவே செய்வர். வளர்ப்புச் சோதனையால் உறுதிப்பட்ட நோய் ஆண்டில் நாலைந்து முறை வந்து, நீரும் களிம்பும் பயன் தராமற் போனவர்க்கு அது பெரிய ஆறுதல்; ஒருவரை மீண்டும் கோயிலுக்கும் சந்தைக்கும் போக வைப்பது. அதனை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. எல்லை குறித்துத் தொடங்க வேண்டும் என்பதே கருத்து. பிரித்தானியாவின் வழிகாட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் தொடரலாமா நிறுத்தலாமா என்று மீள ஆராயச் சொல்கிறது. நம் கிளினிக் கொப்பியில் அந்த நாள் எழுதப்பட வேண்டும். வைத்தியர் அவசரத்தில் எழுத மறந்தால், "எந்த மாதம் வரைக்கும், ஐயா?" என்று கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளி, வைத்தியர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து துணைபுரிபவரையும் சேர்த்து வைத்தியத்தை நாற்கூறாக வகுக்கிறது. ஆச்சியோடு கிளினிக்குக்குப் போகும் மகளோ பேத்தியோதான் இங்கே அந்த நான்காவது கூறு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நம் நாட்டில் நூற்றுக்கு 12.4 வீதமானோர் அறுபது வயதை அடைந்தவர்கள். பிள்ளைகள் கடல் கடந்த வீடுகளில் அந்த நான்காவது இடம் வெறுமையாகக் கிடக்கிறது. உயர்தர வகுப்பு மாணவ மாணவியர் அயல்வீட்டு அம்மம்மாவின் கொப்பியைப் படித்துக் காட்டினால் அவர்களின் ஆங்கிலமும் திருந்தும்.

கடைசியாக ஒன்று. தடுப்புக் குளிசை உண்பவராயினும் உண்ணாதவராயினும், நடுக்கத்தோடு காய்ச்சல், விலாநோவு, வாந்தி, சலம் அறவே போகாமை, திடீர் மயக்கம் ஆகிய எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது கிளினிக் கொப்பியோடு, உண்டுவரும் குளிசைகள் யாவற்றையும் அவற்றின் உறையோடு ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். தடுப்பு மருந்தின் பெயரை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு அடங்காத கிருமியே உள்ளே இருக்கக் கூடுமாதலால், வைத்தியர் வேறு மருந்தைத் தெரிந்தெடுக்க அது உதவும்.